நெஞ்சுக்கு நல்ல மீன்

மகனுக்கு,

நலமா என்று கேட்கும் வரியை இந்த முறை விட்டுவிடுகிறேன். உன் நலம் நீ அனுப்பிய கல்யாண அழைப்பிதழின் தடித்த தாளிலேயே தெரிகிறது. என் நலத்துக்கும் ஒரு குறைவில்லை. போன கிழமை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். இதயத் துடிப்பைக் கோடு கோடாக எழுதிக் காட்டுகிற கடதாசியையும் விரித்துப் பார்த்தார். "இரண்டு தரம் அடிபட்ட நெஞ்சு மாதிரியே தெரியேல்லை ஐயா, என்ன சாப்பிடுறியள்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் உன் அம்மா பதில் சொன்னாள். "மீன்தான் டொக்டர். சின்ன மீன். அது இல்லாட்டி அவருக்கு ஏலாது." டொக்டர் சந்தோஷப்பட்டுத் தலையாட்டினார். நான் சேட்டுப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு எழும்பி வந்தேன்.

அழைப்பிதழுக்குள் அம்மாவுக்கென்று நீ தனியாக எழுதி வைத்ததை அவள் என்னிடம் ஒளிக்கவில்லை. விறாந்தையில் என் கதிரைக்கு முன்னால் நின்று, நிறுத்தி நிறுத்தி, சத்தமாக வாசித்தாள். கல்யாணத்தைச் சென்னையில் வைத்திருக்கிறாயாம். அம்மா மட்டும் வந்தால் போதுமாம். அப்பாவைக் கண்டால் உனக்குத் தம்பியின் முகம் வருமாம், மணவறையில் இருக்கும்போது அது வேண்டாமாம். தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் கொழும்பு மாமா நிற்பாராம். வாசித்து முடித்துவிட்டு "சரிதானே?" என்றாள். "ஓம், சரிதான்" என்றேன். அவள் குசினிக்குப் போய்விட்டாள். அன்றைக்கு முழுவதும் அந்தக் கதிரையை விட்டு நான் எழும்பவில்லை.

சரியில்லை மகனே, அது சரியே இல்லை. கல்யாணம் அடுத்த மாதம் என்றாலும் விசா அலுவலுக்காக அம்மா வெள்ளிக்கிழமையே கொழும்பு பஸ் ஏறுகிறாள். இன்று புதன். உன் தம்பி சின்னவனைக் கடலுக்குப் போகச் சொன்னது யார் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமைக்குள் நான் ஒரு வார்த்தை சொன்னால் அவள் கட்டிய பெட்டியை அவிழ்த்துவிடுவாள். உன் மணவறையில் தாயும் இருக்கமாட்டாள், தகப்பனும் இருக்கமாட்டான். மாமாவை இரண்டு இடத்திலும் நிறுத்திக்கொள். சொல்வதா விடுவதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. எழுதிக்கொண்டு போனால் முடிவு வரும் என்று நினைத்துத் தொடங்கியிருக்கிறேன். எது வந்தாலும் நீ இதைக் கடைசிவரை வாசிக்கத்தான் வேண்டும். நாளைக்குக் கொழும்பு போகிற ஒருவரிடம் கொடுத்து அங்கே தபாலில் போடச் சொல்வேன். உன் கைக்கு வருமுன் வேறு கண்களும் இதைப் பிரித்து வாசிக்கும். ஆகவே சில இடங்களில் ஆட்களைச் சொல்லாமல் நடந்ததை மட்டும் சொல்வேன், விளங்கிக்கொள்.

எனக்கு நெஞ்சு நொந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். நீ லண்டனுக்குப் போய், உணவைப் பற்றிய படிப்பில் சேர்ந்து, பெருமையாகப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். நான் துறைமுகத்துப் பண்டசாலையில் சாக்கு மூட்டைகளை எண்ணிக்கொண்டு நின்றவன், அப்படியே சுவரோடு சரிந்து இருந்துவிட்டேன். யாரோ ஏறி நெஞ்சில் குந்தியிருப்பது போலக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது சின்னவன் என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்போதிருந்த டொக்டர் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். வீட்டுக்கு விடும் நாளில் என்னையும் சின்னவனையும் இருத்தி வைத்து விளக்கம் சொன்னார். கொழுப்பில் இரண்டு சாதி இருக்கிறது என்றார். ஒன்று உறைகிற கொழுப்பு. நெய், ஆட்டுக் கொழுப்பு, மார்கழிக் குளிரில் போத்தலுக்குள் கட்டியாகிற தேங்காயெண்ணெய் எல்லாம் அந்தப் பக்கம். அது கூடிப்போனால் இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் ஏறி, இதயத்துக்குப் போகிற குழாயின் சுவரில் படிந்து வழியை அடைத்துவிடும். மற்றது உறையாத கொழுப்பு. நல்லெண்ணெயிலும் கச்சான் கடலையிலும் கூடுதலாக இருப்பது அது. அதிலும் ஒரு தனி வகை சின்ன மீனுக்குள் இருக்கிறது. "ஐஸ் பெட்டிக்குள்ள போட்டாலும் சூடை மீனின்ர எண்ணெய் கட்டியாகாது. உங்களுக்கு அதுதான் வேணும். சூடை, கீரி, கும்பளா. எண்ணெய் உள்ள மீன்" என்றார். பின்னால் நீ தொலைபேசியில் நிரம்பிய கொழுப்பமிலம், நிரம்பாத கொழுப்பமிலம் என்று பள்ளிக்கூடப் பாஷையில் சொன்னதும் இதைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஊர் முழுவதும் சேர்ந்து அன்பாக என்னைக் கொல்லத் தொடங்கியது. எங்கள் லிங்கநகரில் ஒரு வீடு மிச்சமில்லை. தேறவேண்டிய உடம்பு என்று ஒருவர் நெய்ப் போத்தல் கொண்டுவந்தார். இன்னொருவர் ஆட்டுக்கால் கொண்டுவந்து சூப் வைக்கச் சொன்னார். சூப்பின் மேல் பொன் நிறத்தில் மிதந்த கொழுப்பைக் கரண்டியால் வழித்து முதலில் என் வாயில்தான் ஊட்டினார்கள், சத்தெல்லாம் அதிலேதான் இருக்கிறதாம். அம்மா தேங்காயின் முதல் பாலைத் தண்ணீர் கலக்காமல் பிழிந்து, தடிப்பாகச் சொதி வைத்தாள். நோயாளிக்குச் சொதி இதமாம். விலையைப் பார்க்காமல் விளைமீன் வாங்கித் தேங்காய்ப்பாலில் பாலாணம் காய்ச்சினாள். விளைமீன் வெள்ளை மீன், அதில் எண்ணெய் கிடையாது. இருந்த எண்ணெயெல்லாம் தேங்காயிலிருந்து வந்ததுதான். நானும் மறுக்கவில்லை, ருசியாக இருந்தது, தின்றேன்.

சூடையையும் கீரியையும் அவள் வாசற்படி தாண்ட விடவில்லை. அவை கிரந்தி மீன்கள். நம் ஆட்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, ஆனால் நீ கட்டப்போகிற பெண் வெளிநாட்டில் வளர்ந்தவள் என்பதால் அவளுக்காக எழுதுகிறேன்: உடம்பில் புண் இருப்பவனுக்குச் சில சாப்பாடு கொடுத்தால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும் என்று எங்கள் பெண்களிடம் ஒரு கணக்கு உண்டு. அதற்குப் பெயர் கிரந்தி. பிள்ளை பெற்றவளுக்கும் வெட்டுக்காயக்காரனுக்கும் பத்தியம் பார்ப்பது அந்தக் கணக்கை வைத்துத்தான். டொக்டர் சொன்னதை நான் சொன்னபோது அம்மா ஒரே கேள்விதான் கேட்டாள். "உங்களுக்கு நெஞ்சுக்குள்ளதானே புண்? வெளியில இருக்கிற புண்ணுக்கே குடுக்கக்கூடாத மீனை உள்ளுக்க இருக்கிற புண்ணுக்குக் குடுக்கிறதோ?" அதோடு இன்னொன்றும் இருந்தது, அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் சட்டியைத் திறந்து பார்ப்பார்கள். புருஷன் சாகக் கிடக்கிறான், இவள் ஏழை வீட்டுச் சூடையைக் காய்ச்சிப் போடுகிறாள் என்று கதை வரும். அந்தக் கதைக்குப் பயந்தே என் குழாய்களை அடைத்தாள். அவளுடைய அன்பைப் பற்றி நான் பொய் சொல்லமாட்டேன், அது குறையவில்லை. அந்த அன்பில் இன்னும் கொஞ்ச நாள் கிடந்திருந்தால் நான் போய்ச் சேர்ந்திருப்பேன்.

இரண்டாவது முறை நெஞ்சு நொந்தபோது எல்லோரும் பயந்துவிட்டோம். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ பேசுவதாகச் சொல்லியிருந்தாய். வீட்டில் போன் இல்லாத காலம், சந்தியிலிருந்த தொலைபேசிக் கடைக்கு மூன்று பேரும் போனோம். உன் அழைப்பு வரப் பிந்தியது. அம்மா பக்கத்துப் பாமசியில் என் மருந்தை வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று எழும்பிப் போனாள். அவள் போன கையோடு மணி அடித்தது. கண்ணாடிக் கூட்டுக்குள் சின்னவன் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் அவனுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தேன். லைன் சரியில்லை. நீ தொண்டை கிழியக் கத்தினாய். ரிசீவரைக் காதில் வைக்கத் தேவையே இருக்கவில்லை, கடை முழுவதும் கேட்டிருக்கும்.

நீ சொன்னதை ஒரு சொல் மாறாமல் திருப்பிச் சொல்லட்டுமா? "அம்மா குடுக்கிறதெல்லாம் நஞ்சடா. நீ ஆம்பிளைதானே? பார்த்துக்கொண்டு இருக்கிறியோ?" என்றாய். அவன், "சண்டையாலை கடல் பூட்டிக் கிடக்குது அண்ணா, மீன் வாறதே குறைவு, பாஸ் இல்லாமல் ஒருத்தரும் இறங்க ஏலாது" என்றான். அதற்கு நீ சொன்னாய்: "பாஸ் இல்லாட்டிக் களவாய் இறங்கு. ஊரிலை மற்றவன் இறங்கேல்லையோ? இனி அப்பா செத்தால் அது நோயிலை சாகிறதில்லை, உன்ர பயத்திலை சாகிறது. அவரின்ர உயிர் உன்ர கையிலை." சின்னவன் ரிசீவரை மற்றக் கைக்கு மாற்றினான். "ஓம் அண்ணா" என்றான். நீ என்னோடு பேசக் கேட்டாய். நான் ரிசீவரை வாங்கியபோது லைன் அறுந்துவிட்டது.

அடுத்த நாளிலிருந்து அவன் குசினியைப் பிடித்துக்கொண்டான். அம்மாவோடு சண்டை பிடித்தான் என்று நினையாதே, அவளைக் கட்டிப்பிடித்துக் கெஞ்சியே சட்டியை வாங்கினான். "இரண்டு மாதம் என்ர கையிலை விட்டுப் பாருங்கோ அம்மா, புண் வந்தால் என்னை அடியுங்கோ" என்றான். சைக்கிளில் நிலாவெளிக்குப் போய், கரைவலை இழுக்கிறவர்களோடு தானும் சேர்ந்து இழுத்து, கூலியாகச் சூடை வாங்கி வருவான். புளியும் மிளகும் போட்டு, ஒரு சொட்டுத் தேங்காய்ப்பால் இல்லாமல் அவிப்பான். பொரிக்கச் சொல்லிக் கேட்டால் முறைப்பான். நெய்ப் போத்தலைக் கொண்டுபோய்க் கோயிலில் விளக்குக்குக் கொடுத்துவிட்டான். பிட்டுக்குத் தேங்காய்ப்பூவை அரைவாசியாக்கினான். பின்னேரம் தேத்தண்ணியோடு வடை கேட்டால் ஒரு பிடி அவித்த கச்சான் வரும். அவனுக்கு ஒன்று நன்றாக விளங்கியிருந்தது. சொதியையும் ஊற்றிச் சூடையையும் தின்றால் ஒரு பிரயோசனமும் இல்லை. உறைகிற கொழுப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில்தான் உறையாததை வைக்க வேண்டும். மேலே மேலே கூட்டினால் கூடுவது வயிறு மட்டும்தான். படித்த உனக்கு இது புத்தகத்தில் இருந்தது. அவன் அதைச் சட்டிக்குள் கொண்டுவந்தான். எனக்கு மூச்சு வாங்குவது குறைந்தது. கோயில் வரைக்கும் நடந்து போய் வந்தேன். புண்ணும் வரவில்லை, சீழும் வரவில்லை. அம்மாவே கடைசியில் ஒரு நாள் அவனுடைய புளிக்குழம்பில் ஒரு விரல் தொட்டு நக்கிவிட்டு, "உப்புக் காணாது" என்றாள். அந்த வீட்டில் நாங்கள் கடைசியாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிறகு கடலை இன்னும் இறுக்கினார்கள். கரைவலையும் நின்றது. விடிந்து நன்றாக வெளித்த பிறகுதான் தோணி இறங்கலாம், அதுவும் பாஸ் உள்ளவன், அதுவும் கரையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள். சூடை அந்த நேரத்துக்குக் காத்திருக்கிற மீன் இல்லை. விடிகிற வேளையில் மேலே வரும், வெயில் ஏற ஆழத்துக்குப் போய்விடும். சந்தையில் மீன் இல்லாமல் நாலைந்து நாள் போனது. எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, ஒரு கிழமை மீன் தின்னாவிட்டால் எவனும் சாவதில்லை. அதை நான் அவனிடம் சொன்னேன். "கச்சானும் நல்லெண்ணெயும் காணும் மோனே, விடு" என்றேன். அவன் சிரித்தான். "அண்ணா கேட்டால் நான் என்ன சொல்லுறது?" என்றான். இதையும் ஒரு சொல் மாறாமல்தான் எழுதுகிறேன். அவன் கடைசியாக என்னோடு கதைத்தது அதுதான்.

விடியற்காலையில் வேறு இருவரோடு தோணியில் போயிருக்கிறான். வெளிக்குமுன் இறங்கியிருக்கிறார்கள். வெடிச் சத்தத்தை நான் முற்றத்தில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது கேட்டேன், வழக்கமாகக் கேட்கிற சத்தம்தானே என்று வாயைக் கொப்பளித்தேன். யாருடைய துவக்கு என்று எழுதமாட்டேன். மற்ற இருவரும் காயத்தோடு தோணியைக் கரை சேர்த்தார்கள். அவனையும் கொண்டுவந்தார்கள். அவனுடைய கழுத்தில் ஒரு சின்ன ஓட்டை, அவ்வளவுதான். தோணிக்குள் மீனும் இருந்தது. கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு, தொழிலுக்குப் போனவன் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் பங்கு பங்குதான். பிரேதம் விறாந்தையில் கிடக்க, ஒரு மனுஷன் பனையோலைப் பெட்டியோடு வாசலில் வந்து நின்று, "இது உங்கட பிள்ளையின்ர பங்கு" என்றான். நான் திருப்பிக் கொண்டுபோகச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா எழும்பிப் போய் இரண்டு கையாலும் வாங்கினாள்.

வாங்கி வைத்துவிட்டு வந்து பிரேதத்தின் தலைமாட்டில் இருந்தாள். எல்லோரும் இருக்க, என்னைப் பார்த்து, "ஆர் இவனைக் கடலுக்குப் போகச் சொன்னது?" என்றாள். அழுது கேட்கவில்லை, சாதாரணமாகக் கேட்டாள். நான் அவளைப் பார்த்தேன். ஒரு பிள்ளை முன்னால் செத்துக் கிடந்தது. மற்றப் பிள்ளையை என் வாயாலே எடுத்து அவளிடம் எப்படிக் கொடுப்பேன்? "நான்தான்" என்றேன். "எனக்கு மீன் ஆசையாய்க் கிடந்தது." அவள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. சுற்றி இருந்தவர்கள்தான் சொன்னார்கள், இன்றுவரை சொல்கிறார்கள். பிள்ளையைத் தின்ற நாக்கு என்று என் முதுகுக்குப் பின்னால் கதைக்கிறார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் நடக்கப் பழகிவிட்டேன்.

அந்த மீனை அவள் உப்புப் போட்டுக் காயவைத்தாள். எட்டாம் நாள் செய்கிற எட்டுச் செலவுக்கு, செத்தவனுக்குப் பிடித்த மச்சக் கறிகளைக் காய்ச்சிப் படைத்தார்கள். படையல் முடிந்ததும் அந்தக் கருவாட்டுக் குழம்பை முதலில் என் சோற்றுக் கோப்பையில் போட்டாள். "சாப்பிடுங்கோ. உங்களுக்கெண்டுதானே போனவன்" என்றாள். சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. சாப்பிட்டேன். அன்றையிலிருந்து இன்றுவரை, கடல் திறந்தாலும் பூட்டினாலும், எங்கே எப்படித்தான் வாங்குகிறாளோ, சூடை இல்லாவிட்டால் கீரி, கீரி இல்லாவிட்டால் கருவாடு, மத்தியானத்தில் என் கோப்பையில் அது இருக்கும். தேங்காய்ப்பால் விடமாட்டாள், பொரிக்கமாட்டாள். சின்னவன் அவித்த மாதிரியே அவிப்பாள், உப்பு மட்டும் சரியாக இருக்கும். கிரந்தி என்ற சொல்லை அதற்குப் பிறகு அவள் வாயால் நான் கேட்கவில்லை. சாப்பிட்டு முடியும்வரை எதிரே நின்று பார்ப்பாள். முள்ளை ஒதுக்கிவைத்தால் எவ்வளவு என்று பார்ப்பாள். இப்போது விளங்குகிறதா, டொக்டர் புகழ்ந்த என் இதயம் எப்படி உண்டானது என்று?

அவன் செத்த கிழமை நீ சந்திக் கடைக்குப் போன் எடுத்தாய். அம்மா அழுது அழுது உன்னிடம் சொன்னாள், அப்பா ஆசைப்பட்டுக் கேட்டு அனுப்பினதாம் என்று. நான் பக்கத்தில்தான் நின்றேன். நீ கத்தியது எனக்குக் கேட்டது. "அப்பாவுக்கு நாக்கு அவ்வளவு பெரிசோ?" அப்போதும் நான் உன்னைப் பிழையாக நினைக்கவில்லை. பிள்ளை தாய்க்கு முன்னால் அப்படித்தான் சொல்ல வேண்டும், பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு அழுவான் என்று நினைத்தேன். காத்திருந்தேன். நீ கூப்பிடவில்லை. வருஷம் திரும்பி ஆட்டைத் திவசம் முடிந்து உன்னிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே மீனெண்ணெய்க் குளிசைகள், மஞ்சள் உருண்டைகள், கண்ணாடி போலத் துலங்கிக்கொண்டு. ஒரு நாளைக்கு ஒன்று போட்டால் மீன் தின்ற பலன் என்று எழுதியிருந்தாய். அந்தக் குளிசை முதலே கடையில் இருந்ததா மகனே, அல்லது அவன் செத்த பிறகுதான் லண்டனில் கண்டுபிடித்தார்களா? முதலே அனுப்பியிருக்கலாமே. ஒருவனும் தோணி ஏறியிருக்கமாட்டானே. போத்தலைத் திறக்காமல் அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

நீ சொன்னது பிழையாக இருந்திருந்தால் உன்னை மன்னிப்பது எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அறியாமல் சொன்னான், விடு என்று போயிருப்பேன். நீ சொன்னதெல்லாம் சரி. எண்ணெய் மீன் நெஞ்சுக்கு நல்லதுதான், தேங்காய்ப்பாலும் நெய்யும் என்னைக் கொன்றுகொண்டுதான் இருந்தன, டொக்டரும் சொன்னார், நீயும் சொன்னாய், நானே சாட்சி. உன் அறிவால்தான் நான் உயிரோடு இருக்கிறேன். ஆனால் அறிவைச் சொன்ன நீ அங்கே பாதுகாப்பாக இருந்துகொண்டு, என் உயிரை இங்கே பூட்டிய கடலுக்கு முன்னால் நின்ற ஒருவனுடைய கையில் கொடுத்தாய். "உன் பயத்தில் சாகிறார்" என்று சொல்லிக் கொடுத்தாய். அதை மறந்துவிட்டாயா, அல்லது மறந்ததாக ஆக்கிக்கொண்டாயா? மறந்திருந்தால் நீ முட்டாள். ஆக்கிக்கொண்டிருந்தால் அதைவிடக் கேவலம். இரண்டில் எது என்று எனக்கு எழுத வேண்டாம், உன் மனைவியாக வரப்போகிறவளுக்காவது சொல்லிவிடு. அவள் யாரோடு வாழப்போகிறாள் என்று தெரிந்துகொண்டு வாழட்டும்.

தகப்பன் கடிதம் என்றால் புத்தி சொல்ல வேண்டுமே, அதையும் சொல்கிறேன். உன் நெஞ்சும் என் நெஞ்சுதான். என் அப்பாவும் இதே நெஞ்சால்தான் போனார். லண்டனில் வெண்ணெயும் பாற்கட்டியும் தின்று கன்னம் ஊதிப்போய் இருக்கிறாய், அழைப்பிதழோடு வந்த படத்தில் பார்த்தேன். குறை. மீன் சாப்பிடு. அங்கே கடைக்குப் போய்ச் சும்மா வாங்கலாம், யாரையும் அனுப்பத் தேவையில்லை. நீ எனக்கு முன் சாகக்கூடாது. அது உன்மேல் உள்ள பாசத்தால் சொல்வது இல்லை. அம்மாவால் இன்னொன்றைத் தாங்க ஏலாது.

இவ்வளவும் நேற்று எழுதியது. எழுதி முடித்தபோது முடிவும் வந்திருந்தது: சொல்லிவிடுவது. இன்று காலை அவள் அறைக்குள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். உனக்கென்று வாங்கிய பட்டு வேட்டியைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று, "உமக்கு ஒரு விஷயம் சொல்லவேணும். சின்னவனைப் பற்றி" என்றேன். அவள் கை நிற்கவில்லை. வேட்டியைப் பெட்டிக்குள் வைத்து, மேலே துவாயைப் போட்டு அமத்திவிட்டு, என்னைப் பார்க்காமல், "சொல்லாதேங்கோ" என்றாள்.

"உமக்குத் தெரியாது" என்றேன்.

"எனக்குத் தெரியும். அண்டைக்கு மருந்து வாங்கிக்கொண்டு வந்து கடை வாசலிலைதான் நிண்டனான். அவன் கத்தினது ரோட்டுக்கே கேட்டது."

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். நெஞ்சு நோகவில்லை, அதைச் சொல்ல வேண்டும், என் நெஞ்சு இப்போது எதையும் தாங்குகிறது. "அப்ப ஏன் என்னை...?" என்றேன். இத்தனை வருஷமாக என் எதிரே நின்று ஒவ்வொரு கவளத்தையும் எண்ணியவள், சின்னவனை அனுப்பியது நான் இல்லை என்று தெரிந்துகொண்டே எண்ணியிருக்கிறாள். அவள் கட்டிலில் இருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அவனை வெறுத்தால் எனக்குப் பிள்ளையே இல்லாமல் போயிடும்" என்றாள். "ஆரையாவது வெறுக்காமல் எனக்கு இருக்க ஏலாமல் கிடந்தது. நீங்களாய்த்தானே வந்து நான்தான் எண்டு சொன்னீங்கள். உங்களை எவ்வளவு வெறுத்தாலும் நீங்கள் வீட்டிலைதானே இருப்பீங்கள்."

பெட்டியின் பூட்டு இறுக்கமாக இருந்தது, நான் குனிந்து அமத்திப் பிடித்தேன், அவள் பூட்டினாள்.

ஆகவே அம்மா வருகிறாள். நாளைக்கு நானே பஸ் ஏற்றிவிடுவேன். நேற்று எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாமா என்று யோசித்தேன். கிழிக்கவில்லை. எனக்குத் தெரிந்தது உனக்கும் தெரிய வேண்டும், அவளுக்குத் தெரிந்ததும் உனக்குத் தெரிய வேண்டும். மணவறையில் இருக்கும்போது தம்பியின் முகம் வரக்கூடாது என்று எழுதினாயே, வராமல் இருக்க முடியுமா என்று இனி நீ பார். தாலி கட்டி முடித்ததும் அம்மாவின் காலில் விழு. அவள் உன் தலையில் கை வைப்பாள், திருநீறு பூசுவாள், சிரிக்கக்கூடச் சிரிப்பாள். எழும்பிப் போய்விடு. அந்த இடத்தில் நின்று அழாதே, அவளைத் தனியே கூட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்காதே. கேட்டால் அவள் பதில் சொல்ல வேண்டி வரும்.

அப்பா